பக்கவழிப் பக்கங்கள்: அடைப்புக்குறிக்குள் இருப்பது யாருக்குப் புரிகிறது?

ஆங்கில விக்கிப்பீடியாவில் பிரான்சிஸ் பேக்கன் என்று தட்டினால் வந்து நிற்பவர் மெய்யியலாளர்: 1561இல் பிறந்து 1626இல் இறந்தவர். தேடியவருக்கு வேண்டியது 1909இல் பிறந்த ஓவியர் பேக்கன் என்றால், கட்டுரையின் தலைமாட்டில் சாய்வெழுத்தில் இருக்கும் ஒற்றை வரிதான் வழிகாட்டி. அதைச் சொடுக்கினால் ஓவியரிடமோ, அந்தப் பெயர் கொண்ட எல்லாரையும் வரிசைப்படுத்திய ஒரு பட்டியலிடமோ போய்ச் சேரலாம். அந்தப் பட்டியலுக்குத் தமிழ் விக்கிப்பீடியா வைத்திருக்கும் பெயர் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’. முதல்முறை பார்ப்பவருக்குப் போக்குவரத்துத் துறை அறிவிப்பு மாதிரி இருக்கும்; நாலு முறை பார்த்தால் பழகிவிடும்.

இந்த மதிப்புரை அந்தப் பக்கங்களைப் பற்றியும், அவற்றுக்குப் பின்னால் ஓடும் விக்கித்தரவு என்ற தரவுத்தளத்தைப் பற்றியும். ஒரே பெயரில் வரலாற்றில் பலர் இருக்கும்போது சரியான ஆளிடம் கொண்டுபோய் விடுகிறதா என்பதுதான் கேள்வி. பட்டியல்கள் பெரும்பாலும் விடுகின்றன. சறுக்குவது தலைப்பில் பெயருக்குப் பின் வரும் அடைப்புக்குறியில். தேடுபவர் முன்பே அறிந்த ஒன்று அதற்குள் இருந்தால் வேலை நடக்கும். கட்டுரையைப் படித்த பிறகே தெரியவரும் ஒன்று இருந்தால் நடக்காது.

அமைப்பு எளிது. ஒரு பெயருக்கு உரியவர்களில் ஒருவரைத்தான் பெரும்பாலோர் தேடுகிறார்கள் என்றால், வெறும் பெயர் அவருக்குப் போகும்; மற்றவர்கள் அடைப்புக்குறி வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் வெறும் பெயரே பட்டியலாகிவிடும். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு இணைப்பு, பிறப்பு இறப்பு ஆண்டுகள், நாலைந்து சொல்லில் விளக்கம். அதற்கு மேல் எழுதக் கூடாது என்பது ஆங்கில விக்கியின் நடைமுறை, நல்ல நடைமுறை. பட்டியலுக்குள்ளேயே வாழ்க்கை வரலாற்றை ஆரம்பித்துவிடுவது தமிழ் விக்கியில் அடிக்கடி நடக்கும் தவறு. வந்தவர் வழி கேட்கிறார், வரலாறு கேட்கவில்லை.

அடைப்புக்குறிக்குள் முதலில் தொழிலைத்தான் போடுகிறார்கள். சாமுவேல் பட்லர் இருவர்: 1613இல் பிறந்தவர் கவிஞர், 1835இல் பிறந்தவர் நாவலாசிரியர். இருவரில் யாருக்கும் முதலுரிமை தராமல், இருவருக்கும் தொழிலைப் போட்டிருக்கிறார்கள். தேடுபவர் கவிதை வழியாகவோ நாவல் வழியாகவோதான் வருவார் என்பதால் இது கச்சிதம். ஸ்டீவ் மெக்குவீனும் இப்படியே: வெறும் பெயர் 1980இல் இறந்த நடிகருக்கு, ‘இயக்குநர்’ 1969இல் பிறந்தவருக்கு. ஹாரிசன் ஃபோர்டில்தான் திட்டம் உடைகிறது. 1942இல் பிறந்தவரும் நடிகர், 1884இல் பிறந்து 1957இல் இறந்தவரும் நடிகர். அதனால் மூத்தவருக்கு ‘மௌனப்பட நடிகர்’ என்று போட்டார்கள். சரியான தேர்வு. அவரைத் தேடி வருபவர் மௌனப்படம் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

தொழிலும் ஒன்று, காலமும் நெருக்கம் என்றால் கடைசிப் புகலிடமாகப் பிறந்த ஆண்டைச் சேர்ப்பார்கள்: ‘கால்பந்தாட்டக்காரர், பிறப்பு இன்ன ஆண்டு’ என்று. இது பதிவேட்டுக்கு நல்லது, வாசகருக்கு அல்ல. ஒரு ஆட்டக்காரர் எந்த ஆண்டு பிறந்தார் என்று தெரிந்தவருக்குத் தேடவே வேண்டாமே. விளையாடிய அணியையும் ஆண்டையும் பட்டியல் வரியில் சேர்த்தால்தான் இந்தக் குறை தீரும். பல பக்கங்களில் சேர்ப்பதில்லை.

அடைப்புக்குறியே தேவையில்லாமல் போவதும் உண்டு. மைக்கேல் ஜோர்டன் என்றால் 1963இல் பிறந்த கூடைப்பந்து வீரர். 1956இல் பிறந்த இயந்திரக் கற்றல் அறிஞர் நடுவில் ஐ. என்ற எழுத்தையும், 1987இல் பிறந்த நடிகர் பி. என்ற எழுத்தையும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த எழுத்துகள் அவர்கள் தாங்களே பயன்படுத்துபவை என்பதால் தலைப்பு இயல்பாக இருக்கிறது. இதற்கு முன்னோடி வின்ஸ்டன் சர்ச்சில். 1871இல் பிறந்த அமெரிக்க நாவலாசிரியர் அந்தப் பெயரில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சில், 1899இல் அவருக்குக் கடிதம் எழுதி, தன் எழுத்துகளில் ‘வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்’ என்று கையெழுத்திடுவதாக ஒப்புக்கொண்டார். பெயர் மயக்கத்தைச் சம்பந்தப்பட்டவரே தீர்த்துவைத்த அரிய நிகழ்வு. இன்றைக்கு விக்கியில் வெறும் பெயர் பிரதமருக்கு, ‘நாவலாசிரியர்’ என்ற ஒட்டு மற்றவருக்கு. 1899இல் இதை யாராவது சொல்லியிருந்தால் இருவருமே நம்பியிருக்க மாட்டார்கள். முதலுரிமை காலத்தோடு கைமாறும் என்பதை எடிட் செய்பவர்கள் மறக்கக் கூடாது.

பழைய கிரேக்கர்களை ஊரால் பிரிப்பது மரபு. முரண்புதிர்களுக்குப் பேர்போனவர் எலியாவின் சீனோ. ஸ்டோயிக் மெய்யியலைத் தொடங்கியவர் சிட்டியத்தின் சீனோ. ஊர்ப் பெயர்கள் ஒலியில் வெகுதூரம் விலகியிருப்பதால் தப்பாது. அதே முறை ஹிப்பாக்ரட்டீஸிடம் வரும்போது கால் இடறுகிறது. மருத்துவர் கோஸ் தீவுக்காரர். பிறையுருவங்களின் பரப்பைக் கணித்த கணிதவியலாளர் கியோஸ் தீவுக்காரர். கோஸ், கியோஸ்: தமிழில் ஒரு எழுத்து கூடக் குறைய. இங்கே ஊரை மட்டும் நம்பித் தலைப்பு வைப்பது வீண். ‘மருத்துவர்’, ‘கணிதவியலாளர்’ என்று பட்டியல் வரியிலாவது முதல் சொல்லாக வர வேண்டும். ஊர் ஒட்டு தவறாக ஒட்டிக்கொண்டால் நூற்றாண்டுகளுக்கு விடாது என்பதற்கு யூக்ளிட் சாட்சி. அலெக்சாந்திரியாவின் வடிவியல் யூக்ளிடையும், சாக்ரட்டீஸின் மாணவரான மெகாராவின் யூக்ளிடையும் இடைக்காலத்தார் ஒருவராக்கினார்கள். மறுமலர்ச்சிக் காலத்து அச்சுப் பதிப்புகளிலும் வடிவியல் நூலின் ஆசிரியர் மெகாராக்காரராக நிற்கிறார். வானியலாளர் தாலமியை எகிப்தின் தாலமி அரசர்களில் ஒருவராக எண்ணி, தலையில் மணிமுடி வைத்து வரைந்த ஓவியங்களும் உண்டு.

அரசர்களுக்கும் போப்புகளுக்கும் எண். எண் என்றால் குழப்பமே வராது என்று தோன்றும். இருபத்துமூன்றாம் ஜான் என்று தேடிப் பாருங்கள். 1958 முதல் 1963 வரை போப்பாக இருந்தவருக்கும் அந்தப் பெயர்தான். 1410இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னர் எதிர்ப்போப்பு என்று விலக்கப்பட்ட பல்தசாரே கோசாவுக்கும் அந்தப் பெயர்தான். கோசாவைக் கணக்கில் எடுக்காததால் அதே எண் மறுபடி வந்தது. இருபதாம் ஜான் என்று ஒருவருமே இல்லை என்பது உபரிச் செய்தி. மாறாக, ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸும் 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸும் ஒரே ஆள். எண் வேறு என்பதால் இரண்டு பதிவு உருவாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ் வரலாற்றில் இதைவிட வழுக்கலான இடம் பாண்டியர். ‘முதலாம் சுந்தரபாண்டியன்’ என்று மட்டும் எழுதினால் 1216இல் பட்டத்துக்கு வந்தவரா, 1251இல் வந்தவரா என்று சொல்லவே முடியாது. முன்னவர் மாறவர்மன், பின்னவர் சடையவர்மன். பாண்டியர் பட்டப்பெயர் இந்த இரண்டுக்குள் சுற்றிவருவது. எண் அந்தப் பட்டப்பெயரோடு சேர்ந்த எண். ஆகவே தலைப்பில் மாறவர்மன், சடையவர்மன் என்பதை அலங்காரம் என்று நினைத்துக் கத்தரித்தால் ஆளே மாறிவிடுவார். பாஸ்கரருக்கு வேறு மாதிரித் தொல்லை. ஆரியபட்டீயத்துக்கு உரை எழுதிய 7ஆம் நூற்றாண்டுக்காரர் முதலாம் பாஸ்கரர். லீலாவதி எழுதிய, 1114இல் பிறந்தவர் இரண்டாம் பாஸ்கரர். நடுவே 1979இலும் 1981இலும் ஏவிய செயற்கைக்கோள்களுக்கும் பாஸ்கரா 1, பாஸ்கரா 2 என்று பெயர். ‘பாஸ்கரா 1’ என்று தேடுபவருக்கு எது வரும் என்பது வழிமாற்று (ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தானாகக் கொண்டுபோகும் ஏற்பாடு) வைத்தவரின் கையில் இருக்கிறது. தலைமாட்டு வரி இல்லாமல் இப்படிப்பட்ட பக்கத்தை விடக் கூடாது.

உறவால் பிரிப்பது எளிதாகத் தெரிந்தாலும் பாதி வேலைதான் செய்யும். அலெக்சாண்டர் டூமா அப்பா, மகன். ஜொகான் ஸ்ட்ராஸ் அப்பா, மகன். 1848இல் ராடெட்ஸ்கி அணிநடையை எழுதியவர் அப்பா, நீல டான்யூப் வால்ட்ஸை எழுதியவர் மகன். இந்த இரண்டு பெயரையும் பட்டியல் வரியில் போட்டால் போதும், வாசகர் கண் தானாகவே சரியான வரியில் நிற்கும். ‘ஆஸ்திரிய இசையமைப்பாளர்’ என்று இரண்டு வரியிலும் எழுதி வைத்தால் என்ன பயன்? 1915இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட பிராகுகள் இருவருமே வில்லியம். அப்பா வில்லியம் ஹென்றி, 25 வயது மகன் வில்லியம் லாரன்ஸ். அந்த ஆண்டின் கட்டுரைகளில் ‘வில்லியம் பிராக்’ என்று இணைப்புக் கொடுத்தால் அரைவாசி வாய்ப்பில் தவறு.

இவ்வளவையும் பார்த்த பிறகு புறநானூற்றின் அடிக்குறிப்புகளைத் திரும்பப் படித்தால் மரியாதை கூடுகிறது. நன்மாறன் என்று இரண்டு பாண்டியர். ஆண்டு தெரியாது, எண் கிடையாது. ஒருவரை இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்றார்கள், மற்றவரைச் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றார்கள். இறந்த இடமே அடைப்புக்குறி. பெருநற்கிள்ளிகளில் ஒருவர் இராசசூயம் வேட்டவர், இன்னொருவர் போரவைக்காரர், மற்றொருவர் முடித்தலைக்காரர். புலவர்களுக்குத் தொழில், ஊர், அப்பா: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். தமிழ் விக்கியில் இவர்களுக்குத் தலைப்பு வைக்கும்போது இந்த அடைகளை அப்படியே பெயராக வைப்பதே முறை. ‘நன்மாறன் (பாண்டிய மன்னர்)’ என்று வைத்தால் இருவருக்குமே பொருந்தும்.

ஔவையாரிடம் பக்கவழிப் பக்கம் தன் உண்மையான பயனைக் காட்டுகிறது. சங்கப் பாடல்களில் 59 பாட்டு ஔவையார் பேரில் இருக்கின்றன. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர் அவர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். நெல்லிக்கனியும் ஆத்திசூடியும் ஒரே கிழவியின் கையில் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே மனத்தில் பதிந்துபோனதால், வெறும் ‘ஔவையார்’ யாருக்கும் முதலுரிமையாகப் போகக் கூடாது. பட்டியலாகத்தான் நிற்க வேண்டும். வரிகளில் நூற்றாண்டைவிட நூலின் பெயரே முதலில் வர வேண்டும்.

ஆனால் நூற்பெயரும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. நெடுநல்வாடையைப் பாடிய சங்க நக்கீரர் ஒருவர். பதினோராம் திருமுறையில் வரும் நக்கீரதேவ நாயனார் ஒருவர். இருவரையும் நூலால் பிரித்துவிடலாம் என்று இறங்கினால், திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. இங்கே பட்டியல் வரி தீர்ப்புச் சொல்ல முயலாமல், அந்த நூல் இரண்டு தொகுப்பிலும் இடம்பெறுவதைக் கட்டுரைக்குள் விளக்கிவிட்டு, வரியில் நெடுநல்வாடை என்று மட்டும் போடுவது பாதுகாப்பு.

எழுத்து நமக்குச் செய்யும் வேலை தனி. ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கும் பெயர்கள் தமிழில் ஒன்றாகிவிடும். எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன், அவர் மகன் ஜி. பி. தாம்சன், கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், இவர்களோடு ரம்ஃபோர்டு பிரபு ஆன பெஞ்சமின் தாம்சனும் சேர்ந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் அவர் பெயரில் மட்டும் ஒரு எழுத்து அதிகம். ஆகவே ஆங்கிலப் பட்டியலை அப்படியே தமிழாக்கினால் பட்டியல் குறைபடும். நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் குடும்பப்பெயரைத் தனியாக எழுதினால் சண்டை வந்துவிடும். ‘போர்’ பக்கத்தின் தலைமாட்டில் அவருக்கு ஒரு வரி தேவை. ஆங்கிலம் இதை நமக்குச் சொல்லித் தராது. எதிர்த்திசையும் உண்டு: ஒரே பெயர் தமிழில் யோவான், அருளப்பர், ஜான் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும்; யாக்கோபும் ஜேம்ஸும் அப்படியே. இவற்றை ஒன்றுக்கொன்று ‘இதையும் பார்க்க’ என்று கோத்துவிட வேண்டும்.

முன்னெழுத்து இன்னொரு பொறி. சி. வி. ராமன் என்பதற்குள் இருக்கும் ‘சி’, சந்திரசேகர ஐயர் என்ற அப்பாவின் பெயர். ராமனின் அண்ணன் மகனான விண்ணியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அதே தாத்தாவின் பெயர். 1930 நோபல், 1983 நோபல். ஒருவரின் முன்னெழுத்து மற்றவரின் பெயர். குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் இதை எப்படி அடைப்பது? வெறும் ‘சந்திரசேகர்’ என்று தேடினால் பிரதமராக இருந்த சந்திரசேகரும் சுழற்பந்து வீச்சாளர் பி. எஸ். சந்திரசேகரும் வந்து சேர்வார்கள். போதாக்குறைக்கு ராமன், இராமன். புள்ளி வைத்தது, வைக்காதது. புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டது, விடாதது. தேடல் பெட்டி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இணைப்பு பொறுக்காது, ஒரு இடைவெளி மாறினாலும் அதற்கு அது வேறு தலைப்பு. பக்கம் உருவாக்கிய கையோடு நாலைந்து எழுத்து வடிவங்களுக்கு வழிமாற்று வைத்துவிடுவதே தீர்வு. முக்கியமாக ஜ/ச, ர/இர, ஸ/சு.

இனி விக்கித்தரவு. 2012இல் தொடங்கிய இதில் பெயருக்கு மதிப்பில்லை, எண்ணுக்கே மதிப்பு. ஒவ்வொரு ஆளும் கியூ எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு உருப்படி. நூறு பேருக்கு ஒரே பெயர் இருந்தாலும் இங்கே இடிக்காது. ஒரு நிபந்தனை மட்டும்: ஒரே மொழியில் பெயரும் விளக்கமும் சேர்ந்து இன்னொரு உருப்படியோடு அச்சாக ஒத்துப்போனால் கணினி சேமிக்க மறுத்துவிடும். சாமுவேல் பட்லர் இருவருக்கும் ‘ஆங்கில எழுத்தாளர்’ என்று எழுதினால் இரண்டாவது ஏறாது. எரிச்சலூட்டும், ஆனால் நல்லதுக்கு. ‘17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்’ என்று எழுத வைக்கிறது. தமிழ் விளக்கம் காலியாகக் கிடக்கும் உருப்படிகள் ஏராளம் என்பதால், தமிழில் தேடுபவருக்கு ஒரே பெயர் நாலு முறை வந்து நிற்கும், எது யார் என்று தெரியாது. ஒரு உருப்படிக்கு ஒரு நிமிடம் செலவிட்டு விளக்கம் சேர்ப்பதுதான் இந்தச் சேவைக்கு ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

ஆளைச் சரிபார்க்கும் வரிசை இது: முதலில் பிறந்த தேதி, பி569 (‘பி’யோடு வரும் எண் விக்கித்தரவில் ஒரு பண்பைக் குறிக்கும்). அடுத்து இறந்த தேதி, பி570. பிறகு தொழில், பி106. ஆண்டு தெரியாத பழைய ஆட்களுக்குப் பிறந்த தேதியைக் கற்பித்துப் போடாமல், செயல்பட்ட காலத்துக்கான பி1317இல் நூற்றாண்டு என்ற அளவில் பதியலாம். தமிழ் முன்னெழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் திணிக்கக் கூடாது. தந்தை அல்லது தாய் பெயருக்கு என்றே பி5056 இருக்கிறது. பலருக்குத் தெரியாத பண்பு இது. எல்லாவற்றிலும் பயனுள்ளது பி1889, ‘இவரிலிருந்து வேறானவர்’ என்பது. இரண்டு பாஸ்கரர்களுக்கும் இதை இருபுறமும் போட்டுவிட்டால், யாராவது அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக இணைக்கும்போது கணினி தடுக்கும்: ஒன்று மற்றதைச் சுட்டும்போது இணைக்க முடியாது.

ஒரே பெயருள்ளவர்களை மொத்தமாக எடுக்க வினவல் சேவை இருக்கிறது. ‘எல்லா மனிதர்களையும் எடு, பெயரில் இந்தச் சொல் உள்ளவர்களை வடிகட்டு’ என்று எழுதினால் 60 நொடி வரம்பில் நின்றுவிடும். தலைகீழாக எழுத வேண்டும்: முதலில் மொழிக் குறியோடு முழுப்பெயரைக் கொடுத்து, அதன் பிறகு ‘மனிதர்’ என்ற நிபந்தனை. நொடியில் வரும். ஆனால் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் வரும். ராமானுஜன் என்று கேட்டால் 1887இல் பிறந்த கணிதமேதை வரலாம், இராமானுசர் வர மாட்டார்.

நூலகங்களின் கூட்டுப் பதிவான வயாஃப், பெயரோடு ஆண்டை ஒட்டும் பழைய முறையை நம்புகிறது: பேக்கன், பிரான்சிஸ், 1561–1626. ஐரோப்பிய எழுத்தாளர்களுக்கு உறுதியானது. ஆண்டு இல்லாதவர்களிடம் தடுமாறும். பிரிக்க முடியாத பலரை ஒரே பதிவில் போட்டுவைக்கும் வழக்கமும் நூலகங்களுக்கு இருந்தது. அத்தகைய பதிவின் எண்ணை விக்கித்தரவில் ஒருவருக்குச் சூட்டினால் ஐந்து பேரின் நூல்கள் அவர் தலையில் விழும். எண்ணைச் சேர்க்கும் முன் பதிவுக்குக் கீழே வரும் நூற்பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும். படைப்பாளிகளுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.என்.ஐ. 16 இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும், ஆள் பிழையைப் பிடிக்காது. ஆர்கிட் என்ற அடையாள எண் உயிரோடிருக்கும் ஆய்வாளர்கள் தாங்களே பதிந்துகொள்வது. மைக்கேல் ஐ. ஜோர்டனுக்குப் பொருந்தும், ஹிப்பாக்ரட்டீஸுக்கு அல்ல.

இரண்டு ஆள் கலந்துபோன உருப்படி கண்ணில் பட்டால் உடனே தேதியைத் திருத்தத் தொடங்க வேண்டாம். முதலில் வரலாற்றுப் பக்கத்தில் எந்தத் திருத்தத்தில் கலந்தது என்று பாருங்கள். இரண்டு உருப்படிகளைத் தவறாக ஒன்றாக்கியதால் கலந்திருந்தால் அந்தத் திருத்தத்தையே திரும்பப் பெறலாம். கையால் பிரிப்பதைவிடச் சுத்தம். சிறிது சிறிதாகக் கலந்திருந்தால் புதிய உருப்படி ஒன்று திறந்து, நூலக எண்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து உரியவருக்கு மாற்றி, கடைசியில் பி1889 போடுங்கள். விக்கிப்பீடியாவில் தலைப்பை மாற்றி வெறும் பெயரைப் பட்டியலாக்கினாலும் வேலை அத்துடன் முடியாது. அந்தப் பெயருக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்று காட்டும் கருவியைத் திறந்து, ஒவ்வொரு கட்டுரையாகப் போய், இரட்டைச் சதுர அடைப்புக்குள் முழுத் தலைப்பும் செங்குத்துக் கோடும் வெறும் பெயரும் என்று மாற்ற வேண்டும். கருவி காட்டும் பட்டியலில் வார்ப்புருக்களை (பல கட்டுரைகளில் அப்படியே செருகப்படும் பொதுத் துண்டுகளை) முதலில் திருத்துங்கள்; ஒரு வார்ப்புருவைச் சரிசெய்தால் அதைப் பயன்படுத்தும் கட்டுரைகள் அத்தனையும் பட்டியலிலிருந்து தானாக விழும், மீதி எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.